உப்பு நிலத்தில் எரித்த நெல்

எஸ்தர் இறந்த செய்தியை அச்சரப்பாக்கத்தில் ஒரு விதைக்கடையில் கேட்டேன். "உங்க மேடம் காலைல போய்ட்டாங்களாமே சார், நெஞ்சுவலியாம்" என்றார் கடைக்காரர். அவருக்குப் பின்னால் விதைப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்கின. வந்த வேலையை மறந்து வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு தனியார் விதை நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். எஸ்தரின் பெற்றோர் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அவரோ உப்பைத் தாங்கும் மரபணு ஒன்றை நெல்லுக்குள் வைத்து, ஒரு புதிய பயிரையே உண்டாக்கினார். திருவிடந்தைக்கு அப்பால், வேலி போட்ட சோதனை வயலில் அது முதன்முதலாகக் கதிர் விட்ட நாளில் அவர் சிரித்த சிரிப்பை, இதை வாசிக்கும் உங்களில், அன்று உடன் இருந்த சிலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வயலில் கூலிக்கு வந்தவர் சரோஜா அக்கா. பக்கத்திலேயே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கடல்நீர் உள்ளே ஏறியதால் கிணறு கெட்டு, நிலம் தரிசாகக் கிடந்தது.

"இன்னாம்மா இது, உப்புத் தண்ணியில பச்சப்பசேல்னு நிக்குது! ஒரு கைப்புடி குடும்மா. என் நெலம் சும்மாதான கீது."

"முடியாதுக்கா. இன்னும் சோதனை முடியல. தின்னா இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது. அப்புறம், இது என்னுதும் இல்ல."

"நீதானம்மா பண்ண?"

"நான்தான் பண்ணேன். ஆனா என்னுது இல்லக்கா."

நம் சட்டத்தில் விதைக்குக் காப்புரிமை கிடையாது. உள்ளே வைத்த மரபணுக் கட்டமைப்புக்கு உண்டு. அது நிறுவனத்தின் பெயரில் இருந்தது.

ஒரு பருவத்துச் சோதனை முடிந்ததும் ஆய்வுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதிப் பயிரை அழித்துவிட வேண்டும் என்பது விதி. எஸ்தர் வேறு யாரிடமும் தீப்பெட்டியைக் கொடுக்கவில்லை. "நான் பெத்தது, நானே கொளுத்துறேன்" என்றார். நெல் படபடவென்று பொரிந்தது. கட்டுகளைச் சுமந்து வந்து போட்ட சரோஜா அக்கா சற்று நேரம் நின்று பார்த்தார்.

"துன்னக் கூடாதுன்ன. வாசன மட்டும் நம்ம நெல்லு மாரியே கீதே."

அதன்பின் ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் பொரி வந்தால் எஸ்தர் எழுந்து வெளியே போய்விடுவார். காரணம் கேட்டவர்களிடம் தலைவலி என்பார்.

அடுத்த ஆண்டே நிறுவனம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள், இந்த நெல்லில் லாபம் இல்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள். ஆனால் உரிமையை விடவில்லை. வேறு எங்காவது சோதனையைத் தொடர அனுமதி கேட்டு எஸ்தர் நடையாய் நடந்தார். ஆய்வுக்கென்று எடுத்து நிறுவனத்தின் குளிரறைக்குள் வைத்த விதை வெளியே வரவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார்.

மதுராந்தகத்தில் மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்த்து ஒரு கூட்டம் நடந்தது. நிறுவனத்திலிருந்து வெளியேறியவர் என்பதால் எஸ்தரைப் பேச அழைத்தார்கள். மேடை ஏறியதும் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்து சொன்னார்: "அந்த நெல்லு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் விட மாட்டேங்கறாங்க. எனக்கு பயம் அதுக்குப் போட்டிருக்கற பூட்டுமேலதான், நெல்லுமேல இல்ல."

யாரோ "கம்பெனி ஆளு" என்று கத்தினார்கள். அதே வாரம் பழைய நிறுவனத்திலிருந்து, இனிப் பேசினால் வழக்கு என்று எச்சரிக்கை வந்தது. இரண்டு பக்கத்தாரும் அவரை வேண்டாதவராகவே பார்த்தார்கள்.

ஒருநாள் என்னைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனார். சரோஜா அக்காவின் நிலம் ஒரு ரிசார்ட்டுக்குள் போயிருந்தது. லாரித் தண்ணீர் ஊற்றி அங்கே புல் வளர்த்திருந்தார்கள். அக்கா அங்கேயே அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"என்மேல கோவமாக்கா?" என்றார் எஸ்தர்.

"கோவம் இன்னாத்துக்கும்மா? நீ குடுத்திருந்தாகூட வெளஞ்சிருக்குமோ என்னமோ. அதுகூடத் தெரியாமப் பூட்சி, அதான் மனசு ஆறல."

திரும்பும் வழியில் கோவளம் தாண்டியதும் எஸ்தர், "திட்டியிருக்கலாம் அவங்க" என்றார்.

கடைசி ஆண்டுகளில், நாட்டு நெல் வகைகளை ஒன்றோடொன்று கலந்து, மொட்டைமாடித் தொட்டிகளில் உப்புநீர் ஊற்றி வளர்த்தார். சில தாங்கின. எதுவும் அந்தப் பயிரைப் போல நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டே பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். எரிந்துபோன ஒன்றோடு போட்டி போட்டுக்கொண்டே வாழ்ந்தார்.

அடக்கத்துக்குச் சரோஜா அக்கா வந்திருந்தார். மண் போட்டுவிட்டு என் பக்கம் வந்தார். "அந்த நெல்லு இப்ப எங்க சார் கீது?" என்றார்.

நேற்று மாமல்லபுரத்திலிருந்து பேருந்தில் வந்தேன். ஓரிடத்தில் வெறும் நிலம், உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. இதில் அது நின்றிருக்குமா, நின்றிருந்தால் அதை உண்டவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று என்னை அறியாமல் கேட்டுக்கொண்டேன். எஸ்தர் இத்தனை காலம் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.