எதைவிட என்று கேட்ட மர்கரீத் அக்கா

மர்கரீத் அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். கேட்டபடி நின்றதில் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. அக்கா இருந்திருந்தால், அழுவது அப்புறம், முதலில் கேஸை மூடுடா என்றிருப்பார்.

எழுபதுகளின் இறுதியில் புதுச்சேரியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் இருவரும் வேலை பார்த்தோம். விளம்பரம் எழுதுவது நான். வீடு வீடாகப் போய் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுவது அவர். மில் தொழிலாளர் வீடுகளில் சிலிண்டர் என்றாலே பயம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு அம்மாள், தீ போதவில்லை என்று ஊதுகுழலால் ஊதி அணைத்தே விட்டார். "இதுக்கு மூச்சு வாணாம்மா, தீப்பெட்டி போதும்" என்று சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தார் அக்கா.

ஏஜென்சிப் பலகையில் நான் எழுதிய வாசகம்: "சுத்தமான அடுப்பு, காற்றுக்குக் கேடில்லை." எனக்கு அதில் ஏகப் பெருமை. ரெட்டியார்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில் பெண்களைக் கூட்டி, அதை அக்கா வாயால் சொல்லவைக்க முதலாளி ஏற்பாடு செய்தார். அக்கா ஓர் எவர்சில்வர் தட்டைத் தீயின்மேல் காட்டி எடுத்தார்.

"கரி இல்ல பாருங்க. கண்ணு எரியாது, இருமல் வராது. ஆனா எரிஞ்சது எங்கியாவது போவணுமில்ல? கரியமில வாயு மேல போவுது, கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். காத்துக்குக் கேடில்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நாளையிலேருந்து வராதே" என்றார் முதலாளி. அக்கா சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. நான் வாயே திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஏழெட்டுப் பெண்கள் ஏஜென்சிக்கு வந்துவிட்டார்கள். ஊதுகுழல் அம்மாள்தான் முன்னால். "அந்தக்கா வந்து மாட்டுனாதான் எங்களுக்கு கேஸு. குறையையும் சேத்து சொல்றவங்கள நம்பித்தான் இத வூட்ல வெக்க முடியும்." முதலாளி உடனே அக்காவைக் கூட்டிவர சைக்கிளில் ஆள் அனுப்பினார்.

வந்த அக்கா பலகையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சுத்தம்னு எழுதிருக்கியே, எதவிட?"

"விறகவிடக்கா."

"அப்ப அத எழுது."

முதலாளி உள்ளேயிருந்து பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். நான் ஏணியில் ஏறி "விறகைவிடச் சுத்தம்" என்று எழுதி, மற்றதை அழித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, எழுத்து கோணலாக இருக்கிறது என்று கேலி செய்தார் அக்கா.

அக்காவின் அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பினேன். வழியில் குழாய் எரிவாயுவுக்குப் பெரிய விளம்பரம்: ஒரு பச்சை இலை, கீழே "சுத்தமான எரிபொருள்". பூமி சூடாகிறது என்று ஊரே பேசும்போதும் அந்த இலை மட்டும் பளபளவென்றிருந்தது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்வி. அன்று மண்டபத்தில் திறக்காத வாயை, பஸ்ஸில் அத்தனை பேர் நடுவே திறந்து, உரக்கவே கேட்டேன்:

"எதவிட?"