கப்பல் வந்த காரணம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறேகாலுக்கு, நான் பாண் துண்டுகளுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "ஞாயிறு பூசைக்கு நான் வரேல்ல அம்மா."

அந்த ஞாயிறோடு அவளுடைய அப்பா இறந்து ஒரு வருடம். எங்கள் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர் வரும்போது அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். எங்கள் குடும்பம் என்றால் இனி நானும் அவளும்தான்.

பள்ளிக்கூடத்துக்காகப் போர்த்துக்கேயரின் கடல் வணிகம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தாள். "கறுவாப்பட்டைக்கும் முத்துக்கும் வந்த கப்பலிலதான் பாதிரிமாரும் வந்தவை. மன்னாரில எங்கட ஆக்களுக்கு ஞானஸ்நானம் குடுத்ததும் பிஸ்னஸ்தான். அதுக்கு நான் முழங்காலில நிக்க ஏலாது."

"இந்தப் பாணும் அவங்கள் கொண்டந்ததுதான். இதையும் விடன்."

அவள் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கட்டுரையை வாசித்தேன். ஒரு வரிகூடப் பிழையில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அவளுடைய அப்பா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். சின்ன வயதில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் பூசை முழுக்க இருப்பார். அவருடைய சேர்ட்டில் எச்சில் வடிய அவள் தூங்குவாள். அந்த ஈரச் சேர்ட்டைத் தோய்க்க இன்னொரு முறை கிடைக்காதா என்று இருக்கிறது.

ஞாயிறு காலை, மூடிய கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "நீ எழுதினது சரி பிள்ளை. கப்பல் ஏன் வந்ததெண்டு அப்பாவுக்கும் தெரியும். ஆனா சண்டையில ஷெல் விழேக்க நாங்கள் ஓடிப்போய்ப் படுத்தது அந்தப் பாதிரிமார் கட்டின கோயிலுக்குள்ளதான். உன்ர அப்பாவை நான் முதல் கண்டதும் அங்கதான்."

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் தனியாக பஸ் ஏறினேன்.

கோயிலில் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தேன். பின்வரிசை அக்கா குனிந்து, "மகள் எங்க?" என்றார்.

"வாறா."

"இப்பத்தைப் பிள்ளையள் வாறதெண்டால் வந்தாப் பிறகுதான் நம்பலாம்."

பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு வரிசையில் நான்கைந்து பேர் எழுந்தார்கள். அவர் பெயருக்கு நான் ஒருத்தி மட்டும்தான் எழ வேண்டியிருக்கும்.

அப்போது யாரோ என் கைப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். மகள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"தள்ளி இருங்கோ அம்மா. அப்பான்ர பேர் வாசிச்சாச்சோ?"