எருப் போடும் மெசின்

என்னால் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியாது. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் நான் மிடுக்காகத் திரும்புகிறேன் என்று நினைக்கிறார்கள். மிடுக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்டாவளைப் பக்கத்தில் நாங்கள் கமம் செய்த காலத்தில், வயலுக்கு எருப் போட என் கணவர் ஒரு மெசினைத் தெரிவு செய்தார். அந்தத் தெரிவின் மிச்சம்தான் இந்தக் கழுத்து.

தொண்ணூறில் சண்டை மூண்டு அரசாங்கம் தடை போட்ட பிறகு வன்னிக்குள் யூரியா வருவது நின்றுபோனது. நெல்லுக்குப் போடும் பசளையை வெடிமருந்தாகப் பார்த்தவர்களிடம் நெல்லைப் பற்றி யார் போய்ப் பேசுவது? எங்களுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் இருந்தது. வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணியில் மிளகாயும் கத்தரியும் வைத்திருந்தோம். பால் மாடு, கன்று, வண்டில் இழுக்கும் சோடி எல்லாம் சேர்த்துப் பட்டியில் பதினொரு உருப்படி. பட்டிக்குப் பின்னால் பல வருஷத்து எரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய காலத்தில் லொறிக்காரர் வந்து அதை அங்கேயுள்ள தோட்டங்களுக்கு அள்ளிக்கொண்டு போவார்களாம். என் அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் அப்படி வன்னி எரு இறங்கியதைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த எரு வந்த திசைக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். பாதை பூட்டியதும் லொறி வருவதும் நின்றது.

ஆவணி பிறந்ததும் எங்கள் முற்றத்தில் ஆலோசனை தொடங்கியது. மழை விழுமுன் எருவை வயலில் பரப்ப வேண்டும், எதைக் கொண்டு பரப்புவது? வேம்புக்குக் கீழே கதிரைகளைப் போட்டுக்கொண்டு இவரும் அயலில் உள்ள கமக்காரர் இரண்டு மூன்று பேரும் பின்னேரம் பின்னேரமாகக் கதைத்தார்கள். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டேன். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். அது மண்ணெண்ணெய் குடிக்கும், வயலையும் இறுக்கிவிடும் என்று தள்ளிவிட்டார்கள். வீட்டில் நிற்கிற மாட்டு வண்டிலே போதுமே என்றார் இன்னொருவர். வண்டிலின் மேலே நின்று ஒருவர் வெட்டித் தள்ள வேண்டும், கீழே ஒருவர் பரப்ப வேண்டும், ஆளுக்கு எங்கே போவது என்று இவர் கேட்டார். அந்த நேரம் நான் தேத்தண்ணித் தட்டத்தோடு அவர் முன்னால்தான் நின்றேன்.

கடைசியில் வென்றது ஒரு படம். பரந்தன் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஒருவர் பழைய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சின்னக் குதிரைப் பண்ணை. ஒரு குதிரை நாலு சில்லுப் பெட்டி ஒன்றை இழுக்கிறது, சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரர் மேலே வசதியாக உட்கார்ந்திருக்கிறார், பின்னால் எரு அரிசி தூவினது போல விழுகிறது. இவர் அந்தப் படத்தை அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தார். குதிரை செய்வதை எங்கள் மாடு செய்யாதா என்று கேட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் பெண் யாரும் இல்லை. பண்ணை என்றால் அப்படியும் இருக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரைச் சாணியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் எங்கள் பட்டி எருவை எனக்குத் தெரியும். விடிய எழும்பிப் பட்டி கூட்டுகிறவள் நான். மேலே காய்ந்து கிடந்தாலும் அரை முழம் தோண்டினால் வைக்கோலும் சேறும் சேர்ந்து களியாக வரும். படத்தில் விழுவதோ பொடி. அதனால் பட்டறைக்காரர் போன பிறகு, இந்த மெசின் காய்ந்த எருவுக்குத்தானே சரிவரும் என்று கேட்டேன்.

"உமக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் இவர்.

மெசினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். எருவைப் பற்றித் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பானை அடுப்பில் இருந்தது, போய்விட்டேன்.

ஒரு தார்ப் பீப்பாவை நெடுக்காகப் பிளந்து பெட்டியாக்கினார்கள். பழைய கார் ஒன்றின் இரண்டு சில்லு கிடைத்தது. பீப்பாவின் பின்வாயில் ஆணி அடித்த ஒரு மர உருளை. சில்லு ஓட உருளையும் சுழல வேண்டும், அதற்குச் சைக்கிள் செயின் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் வன்னியில் சைக்கிள் செயின் எங்கே கிடைக்கும்? நான் கலியாணமாகி வரும்போது அப்பா தந்த லேடீஸ் சைக்கிள் ஒன்று விறாந்தையில் நின்றது. சந்தைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போய்வருவேன். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வர, செயின் இல்லாமல் நின்றது. ஒரு மாதத்தில் வேறு செயின் எடுத்துத் தருவதாக இவர் சொன்னார். அந்த மாதம் இன்னும் வரவில்லை.

மெசினை ஓட்டிக் காட்டுகிற நாளுக்கு அயலட்டையெல்லாம் வரச் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நான் எருவை வெயிலில் பரப்பிக் காயவைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் கட்டியடித்து, பழைய சல்லடையில் அரித்து வைத்தேன். மெசின் பாடுபடாமல் இருக்க வேண்டுமாம். மாட்டைப் பூட்டி மேட்டுக்காணியில் ஓட்டியதும் எரு உண்மையிலேயே தூவினது போலத்தான் விழுந்தது. எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் அன்று சந்தோஷம், பொய் சொல்லக்கூடாது. இனிமேல் குனிந்து நிமிர்ந்து நாரி முறியாது என்று நினைத்தேன்.

மறுநாள் வயலில் இறங்கினார்கள். அரிக்காத எரு உருளையில் சுற்றியது. வைக்கோல் ஆணிகளில் சிக்கியது. சில்லு புதைந்தது. மாடுகள் முக்கி இழுக்க, என் சைக்கிள் செயின் அறுந்து பறந்தது. அதற்குப் பிறகும் இவர் விடவில்லை, மத்தியானம் வரைக்கும் அடித்து அடித்து இழுக்கவைத்தார். நுகத்தைக் கழற்றியபோது வெள்ளை மாட்டின் பிடரியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அன்று பின்னேரம் இவர் பட்டிக்குள் குந்தியிருந்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அந்தப் புண்ணில் பூசினார். விரலால் மெல்ல மெல்லப் பூசினார். இலையான் மொய்க்காமல் இருக்கத் தன் சால்வையால் விசிறினார். அப்படி ஒரு பக்குவத்தை நான் அவரிடம் கண்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், வாயில்லாச் சீவன், பாவமெல்லோ. மழைக்கு முதல் நீர் கடகத்திலை கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோய்ப் போட்டுவிடும்."

போட்டேன். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, பனையோலைக் கடகத்தில் எருவை நிரப்பி, வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த தென்னங்குற்றியில் கால் பதித்து நடந்து, வயலில் கொட்டிக் கையால் பரப்பினேன். ஈர எரு. தண்ணீர் நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். கடகத்தை இரண்டு கையாலும் பிடித்திருப்பதால் துடைக்க முடியாது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது, தலைக்கு எங்கே சவர்க்காரம்? புரட்டாசி முழுக்க என் கூந்தலில் பட்டி மணந்தது. இவர் சும்மா இருக்கவில்லை. பட்டறைக்காரரும் அவருமாக வேம்புக்குக் கீழே மெசினைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா எங்கள் வேலியோரம் கொட்டில் போட்டிருந்தா. கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர், மீன் கூடை சுமந்து பழகியவா. ஒரு நாள் காலை நான் கடகத்தைத் தூக்க முடியாமல் நிற்க, வந்து தூக்கிவிட்டா. பட்டிக்குள் மாட்டுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தவரை ஒருமுறை பார்த்தா.

"மாட்டுக்குப் புண் வந்தபடியால் தெரியுது. உனக்குத் தோல் உரியேல்லை, அதுதான் பிழை" என்றா.

எனக்கு அன்று அது பகிடியாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தக் காலபோக நெல் நன்றாக விளைந்தது. யூரியா இல்லாமல் வயல் கரும்பச்சையாக நிற்பதைப் பார்க்க ஓமந்தைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இவர் அவர்களை முதலில் வயலுக்குக் கூட்டிப்போவார், பிறகு வேம்படிக்குக் கூட்டிவந்து மெசினைக் காட்டுவார். உருளை எப்படிச் சுழலும், ஆணிக்கு இடைவெளி எவ்வளவு, குதிரைக்கும் மாட்டுக்கும் இழுவையில் என்ன வித்தியாசம் என்றெல்லாம் விளக்குவார். பீப்பாவுக்குள் அடைகிடந்த கோழியை எழுப்பிவிட்டுத்தான் விளக்க வேண்டும். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த மெசின் வயலில் ஒரு நாள் காலைக்கு மேல் ஓடவில்லை என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. வந்தவர்கள் முன்னால் புருஷனைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அந்த வளர்ப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஊரில் நல்ல மனிதர் என்று பெயர், அந்தப் பெயரில் பிழையும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்து மனம் ஆறியிருப்பேன். நல்ல மனிதரோடு எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இதே கதைதான். ஆவணியில் மெசினுக்குப் புது ஆணியோ புது அச்சோ வரும். இந்தமுறை ஓடும் என்பார். புரட்டாசியில் நான் கடகத்தைத் தூக்குவேன். மூன்றாவது வருஷம் எரு கொட்டி முடிந்த கிழமை, ஒரு காலையில் எழும்பினேன், கழுத்துத் திரும்பவில்லை. இடக்கை விரல்கள் விறைத்திருந்தன. எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தோம். பால் கறக்கும்போது செம்பு கையை விட்டு நழுவியது. அதற்குப் பிறகுதான் இவர் என்னைத் தன் சைக்கிள் காரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சனம் நிறைய. மத்தியானத்துக்குப் பிறகுதான் எங்கள் இலக்கம் வந்தது. டொக்டர் இளம் ஆள், தூக்கமில்லாத கண். படம் எடுத்துப் பார்க்கப் பிலிம் இல்லை என்றார். கழுத்தை அமத்திப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார். பிறகு என்னிடம்தான் கேட்டார்.

"தலையிலை பாரம் சுமக்கிற வேலை ஏதும் செய்தனீங்களோ அம்மா?"

மூன்று வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒரு டொக்டர் கேட்கிறார், இவர் பக்கத்தில் இருக்கிறார், இப்போது சொன்னால் இவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்குள் இவர் பதில் சொல்லிவிட்டார்.

"இல்லை டொக்டர், அவா வீட்டோடைதான்."

டொக்டர் விடவில்லை. கமக்காரர் வீடுதானே, நெல்லு, எரு ஒன்றும் தூக்குவதில்லையா என்று கேட்டார்.

"நெல்லு நான்தான் தூக்கிறன். எருப் போட எங்களிட்டை மெசின் இருக்கு."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. டொக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்குமுன், தலையணை இல்லாமல் படுக்கச் சொல்லி, குளிசையையும் தந்து, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாயில்லாச் சீவன் என்று இவர் சொன்னது மாட்டை. அது வலித்தபோது கத்தவாவது செய்தது.

வரும் வழியில் கடையில் நிறுத்தி மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கினார். நான் காரியரில் ஏறி இருந்ததும் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். கழுத்துக் கவனம், குலுங்கும், இறுக்கிப் பிடியும் என்று அக்கறையாகச் சொன்னார். கொஞ்சத் தூரம் போன பிறகு அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் டொக்டரிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சைக்கிள் மிதிப்பதை நிறுத்தி, காலை நிலத்தில் ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடி?" என்றார்.

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. நான் புண்ணாக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவர் மறுபடியும் மிதித்தார்.