ஆயிரத்தொன்று என்ற முன்னுரிமை

பென்னாகரத்தில் நான் வேலை பார்த்த கணினி மையத்தில் நான்கு லினக்ஸ் கணினிகள் இருந்தன. அவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. விண்ணப்பிக்க வருகிறவர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது, என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்காவின் வேலை. அவர் பிளஸ் டூ. நான் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். அவர் என்னை மேடம் என்பார். நான் வேண்டாம் என்றதில்லை.

புதிய ஸ்கேனர் வந்ததும் அதற்கான மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினேன். மறுநாள் காலை பழைய பதிப்பு திரும்பியிருந்தது. மீண்டும் நிறுவினேன், மீண்டும் பழையது. தினமும் காலையில் கணினிகளைத் திறந்து அப்டேட் கொடுப்பது அக்காதான்.

"என்னத்தக்கா அமுக்கித் தொலைக்கிறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததத்தாங்க மேடம் அடிச்சேன். வேற ஒண்ணும் தொடலீங்க."

"தொடாமயே பழசு தானா நடந்து வந்துச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி அன்றே அவரை ஜெராக்ஸுக்கு மாற்றினார். மாதக் கடைசியில் வேலையைவிட்டு நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுத்த காலை நானே அப்டேட் கொடுத்தேன். புதிய பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போடப்போகிறேன், சரியா என்று திரை கேட்டது. அக்காவுக்கு நான் கொடுத்த சீட்டில், 'என்ன கேட்டாலும் படிக்க வேண்டாம், Y அடிக்கவும்' என்று எழுதியிருந்தேன்.

எதை நிறுவுவது என்று கணினி முடிவு செய்ய ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு; அதைப் பார்த்தேன். பழையதற்கு ஆயிரத்தொன்று. ஆயிரத்தைத் தாண்டினால், புதியதை இறக்கிவிட்டாவது பழையது ஏறும். அந்த எண் இருந்த கோப்பைத் திறந்தேன். பழைய ஸ்கேனருக்காகச் சில மாதங்களுக்கு முன் எழுதப்பட்டது. 'யாரும் மாற்றக் கூடாது' என்ற வரிக்குக் கீழே என் பெயர், பக்கத்தில் பி.இ.

கோப்பை நீக்கினேன். ஸ்கேனர் ஓடியது. "படிச்ச புள்ளன்னா சும்மாவா!" என்றார் முதலாளி. சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

மதியம் ஜெராக்ஸ் பக்கம் போய், "அக்கா, தப்பு என்னுதுதான்" என்றேன், மெதுவாக.

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லி என்னங்க மேடம் ஆவப்போவுது? எம்மேல தப்பில்லன்னு எனக்கு நேத்தே தெரியுமே. அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

முதலாளியின் மேசைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கத்தான் நினைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.