மாடிக்கு வந்த புதுப் பெயர்

ஹட்டன் பஸாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் சேனலிங் சென்டரில் நான் வேலை செய்கிறேன். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் டாக்டர்மார் வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகும் இடம் அது. வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு: முதலாளி அக்காவின் மாமனாருடைய இனிஷியல்கள், அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலச் சொல். அதை வாசித்துவிட்டுப் படியேறிய யாரையும் நான் பார்த்ததில்லை. தோட்டங்களில் எங்களுக்குப் பெயர் 'மாடி'. "மாடிக்குப் போயிட்டு வந்தேன்" என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அர்த்தம்.

அந்தப் பெயரைப் போனுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். டாக்டர் வரும் நாளை நோயாளிகளுக்கு எஸ்எம்எஸ்ஸில் அறிவிப்போம். அதில் நம்பருக்குப் பதிலாக ஒரு பெயர் தெரியும்படி செய்யலாம். இந்தத் தொழிலில் அதை 'மாஸ்க்' என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆங்கில எழுத்தில் 'MAADI' என்று போட்டேன். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெண்கள்கூட அந்த ஐந்து எழுத்தின் உருவத்தைப் பார்த்தே டாக்டர் வருகிறார் என்று கண்டுகொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு எதற்கு உதவியது என்று யாராவது கேட்டால், அந்த ஐந்து எழுத்தைத்தான் மனதில் நினைத்துக்கொள்வேன்.

பிறகு புது விதி வந்தது. மோசடிக்காரர்கள் பாங்க் பேரிலும் தபால் கந்தோர் பேரிலும் செய்தி அனுப்பி ஆட்களை ஏமாற்றுகிறார்கள். அதனால் இனிமேல் பதிவு செய்யாத பெயரில் எந்தச் செய்தியும் போகாது என்று எங்களுக்கு எஸ்எம்எஸ் சேவை தரும் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விதியில் தப்பில்லை. எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு அக்கா, பார்சல் வந்திருக்கிறது என்ற செய்தியை நம்பி அதிலிருந்த லிங்கில் கை வைத்து, வெளிநாட்டிலிருந்து புருஷன் அனுப்பிய பணத்தை இழந்திருந்தார். அந்த வாரம் முழுக்கப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருத்தரிடமும் நான் ஒன்றையே சொன்னேன்: "தெரியாத பேர்ல மெசேஜ் வந்தா தொடாதீங்க. அழிச்சிருங்க."

பதிவு வேலைக்கு ஓர் ஏஜென்டைப் பிடிக்கலாம் என்றார் முதலாளி அக்கா. "எதுக்குக்கா? நானே செய்றேன்" என்றேன். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், அக்காவின் அடையாள அட்டை, ஒரு கோரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அன்றிலிருந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. நோயாளிக்கு வரிசை நம்பர் எழுதிக் கொடுக்கும்போதும் ஒரு கண் திரையில் இருக்கும்.

பதிலுக்கு போன்தான் வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பையன், சிங்களத்தில் பேசினான்.

"மிஸ், சான்றிதழ்ல இருக்கிற பேர் வேற, நீங்க கேட்கிற பேர் வேற. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஊர்ல எங்களை அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

"ஊர் கூப்பிடுறதுக்கு சான்றிதழ் இருக்கா மிஸ்?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே ஒரு வழி தேடித்தான் கேட்டான். போனை வைத்த பிறகு இன்னொரு கடிதம் எழுதினேன், வாசலையும் படிக்கட்டையும் படமெடுத்து இணைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. அக்கா சிரித்தார்.

"விடு. மாமாவோட பேரே இருக்கட்டும். உயிரோட இருக்கிறப்ப போனே பாவிக்காத மனுஷன். இனி எல்லாரு போன்லயும் வரட்டும்."

அந்தப் பெயருக்கு அனுமதி உடனே கிடைத்தது. அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து என் மேசைக்குப் பின்னால் ஒட்டினேன். ஏஜென்ட் இல்லாமல் முடித்துவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

இந்த நேரத்தில் கண் டாக்டர் நாளை மாற்றினார். அவர் மாதம் ஒருமுறை, கடைசி ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து வருவார். மழையும் மண்சரிவுமாக இருந்ததில் அதற்கு முந்திய இரண்டு தடவையும் நோயாளிகள் உட்காரும் வாங்குகள் பாதி காலியாகக் கிடந்தன. "இந்தத் தடவையும் இப்படின்னா ஹட்டன் பயணத்தை நிறுத்திருவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இப்போது வேறு அலுவல் வந்து, ஒரு வாரம் முந்தியே வருவதாகச் சொன்னார். அவர் நின்றுபோனால் இந்த மலையில் உள்ளவர்கள் கண்ணுக்காகக் கண்டிக்குப் போக வேண்டும். என் அம்மாவின் வலது கண்ணில் படலம் விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்தான் கவனித்து வருகிறார். அம்மாவுக்குக் கண்டி போகும் வழியில் வட்டவளை தாண்டினாலே தலை சுற்றும். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி. ஒருமுறை பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவர், அதோடு கண்டி என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை புதுப் பெயரில் முதல் செய்தியை அனுப்பினேன். 'கண் டாக்டர் இந்த ஞாயிறே வருகிறார்.' எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது. வெள்ளிக்கிழமை மாலை வரை ஒருவரும் நம்பர் கேட்டுக் கூப்பிடவில்லை. வேறு மாதங்களில் செய்தி போன கையோடு போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், லைன் இருந்தது. என் போனுக்கே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன், வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கேட்டேன்.

"உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சே." அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "தெரியாத இங்கிலீஸ் பேரு. நீதானே புள்ள சொன்ன, தொடாம அழிக்கணும்னு? அழிச்சாச்சு. பக்கத்து வீட்டு அத்தைக்கும் வந்துச்சு, அதையும் நான்தான் அழிச்சுக் குடுத்தேன். நம்ம லயத்துல ஒருத்தர் ஏமாறல!"

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அது நாங்க. மாடி."

"மாடின்னா மாடின்னு வரணுமில்ல?"

ஒவ்வொரு வீடாகப் போகலாம் என்று எழுந்தேன். எங்கள் லயம் மட்டும் என்றால் போகலாம். ஆனால் மேல் டிவிசனில் இருப்பவர்களுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் யார் சொல்வது? எல்லாரும் ஒன்றாக நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். பெரட்டுக்களம். காலையில் தொழிலாளர்கள் கூடிப் பேர் கொடுத்து, எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது என்று கேட்டுக்கொள்ளும் இடம்.

அங்கே நான் கால் வைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அந்த வழிதான் குறுக்கு வழி. ஆனால் அம்மா என்னை ஃபெக்டரியைச் சுற்றித்தான் அனுப்புவார். "அந்த எடத்துல நிக்கிறது என்னோட போகட்டும்" என்பார். மழையிலும் நான் சுற்றித்தான் போனேன். அதை என் பெருமையாகவே வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அம்மாவோடு நானும் கிளம்பினேன். அம்மா முன்னால் நடந்தார். சொல்ல வேண்டியதை நான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பனிமூட்டத்துக்குள் பெண்கள் தலையில் கூடைக் கயிற்றோடு நின்றார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்ததும் புத்தகத்தைத் தாழ்த்தினார்.

"என்ன புள்ள, பேர் குடுக்க வந்தியா?"

சிரிப்பு எழுந்தது. என் காது சுட்டது.

"இல்லைங்க ஐயா. இவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. கொழுந்து ஓடிறாது."

சொன்னேன். அரசாங்க விதி, பதிவு, சான்றிதழ் என்று தொடங்கினேன். முகங்கள் அசையவில்லை. "ஞாயித்துக்கிழமை கண் டாக்டர் வர்றாரு. வியாழக்கிழமை வந்த மெசேஜ் மாடியிலருந்து வந்தது. இனிமே அந்தப் பேர்லதான் வரும்" என்று சுருக்கினேன்.

"ஏம்மா," என்றார் மேல் டிவிசன் பெண் ஒருவர், "கள்ளனும் இதைத்தானே சொல்லுவான்? பேரை மாத்திட்டோம், நாங்கதான் மாடின்னு?"

நல்ல கேள்வி. பீலிக்கரையில் நான் சொல்லிக்கொடுத்த சந்தேகம்தான் இப்போது என்னிடமே திரும்பி வந்தது.

வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கள்ளன் பெரட்டுக்கு வந்து நிப்பானாடி?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது என்மேல் விழவில்லை. நான் போனை எடுத்தேன். எதிர்மலையில் போன் கோபுரம் இருப்பதால் களத்தில் சிக்னல் எப்போதும் இருக்கும். எங்கள் தோட்டத்துப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து, அதே செய்தியை மறுபடியும் அனுப்பினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கூடைக்குள்ளிருந்து 'டிங்' என்றது. அடுத்து ஒரு ஜாக்கெட்டுக்குள். அப்புறம் இடுப்பில் சுற்றிய படங்குக்குள், சுருக்குப்பைக்குள், மூட்டைக்குள் என்று களம் முழுக்கச் சத்தம். பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போன்களை வெளியே எடுத்தார்கள்.

"இதுதான். இந்த எழுத்து. இப்படி ஆரம்பிச்சா அது நாங்க" என்று ஒவ்வொரு திரையாகக் காட்டிக்கொண்டு போனேன்.

"இவளே அனுப்புறா, இவளே வந்து நிக்கிறா. அப்ப எதுக்குடி போனு?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

அன்று பகல் முழுவதும் மற்றத் தோட்டங்களுக்கு அக்காவும் நானும் மாறி மாறி போன் போட்டோம். சிலர் எடுத்தார்கள். சிலர் எங்களையே "நீங்க யாரு? அடையாளம் சொல்லுங்க" என்று விசாரித்தார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிறு காலை டாக்டர் வந்து உட்கார்ந்தபோது வாங்குகளில் யாரும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தேன். அக்கா, "உட்காரு, தலை சுத்துது எனக்கு" என்றார். தோட்டப் பாதையில் வரும் பஸ் அன்றைக்கென்று பிந்தியிருந்தது. அது வந்து நின்றதும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல் டிவிசன் பெண்தான் முதலில் வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எல்லாரும் வரவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் நிற்கவும் இடமில்லை.

போகும்போது டாக்டர் தன் டைரியைப் புரட்டி, அடுத்த மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். அம்மாவின் கண்ணை அன்றைக்குப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி தருவதாகவும் சொன்னார்.

நான் அப்போதே செய்தியை அடித்தேன். அனுப்பும் முன் ஜன்னலைத் திறந்தேன். கீழே பஸ்ஸுக்காக எங்கள் தோட்டத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள், நடுவில் அம்மா. பொத்தானை அழுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தலையாகப் போனை நோக்கிக் குனிந்தது. பக்கத்து வீட்டு அத்தை நிமிர்ந்து கையைக் காட்டினார்.

அம்மா மட்டும் போனைத் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, பஸார் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"எனக்கு இன்னும் வரலையே புள்ள!"