அத்தைக்குத் துணையாகப் பஸ்ஸில் போனது

பிள்ளைகளே, போன வாரம் அக்காளைத் திருநெல்வேலிக் காலேஜுக்குத் தனியாகப் பஸ் ஏற்றி விட்டதற்காக நம் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. உங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஓர் ஆண் துணை வேண்டாமா என்று வந்தவர் போனவர் எல்லாம் கேட்டார்கள். தம்பி ஒன்பது வயசு ஆண்பிள்ளை, தானே துணைக்குப் போவதாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வேண்டாம் என்றதும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த வயசில் துணைக்குப் போனவன்தான். அதை எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் அக்காள் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நம் ஊர் தமிழ்நாட்டோடு சேரவில்லை. பஸ் பலகையில் ஊர்ப்பெயர் மலையாளத்தில் இருக்கும். எனக்கு எட்டு வயசு. என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, எங்களோடு கருங்கல் வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டு டீச்சரோடு ஒரு வருஷம் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்வந்து தையல் படித்தவள். படித்து முடிக்கவும் அந்த டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகவும் சரியாக இருந்தது. அத்தை மறுபடி வீட்டுக்குள்ளே ஆகிவிட்டாள்.

ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவள் பஸ்ஸைப் படித்த மாதிரி வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். கருங்கலிலிருந்து நாகர்கோவில் கிழக்கே; காலையில் போனாலும் சாயங்காலம் திரும்பினாலும் சூரியன் டிரைவரின் முகத்தில்தான் அடிக்கும், பாவம் என்பாள். நமக்கு, போகும்போது ஆடியில் இடப்பக்கம் வெயில், மார்கழியில் வலப்பக்கம். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையில் உட்கார்ந்தால் தின்ற தோசை தொண்டைக்கு வரும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான். மழை வந்தால் வார் அறுந்த தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இருப்பவன் நனைவான், ஆகையால் ஏறினவுடன் முதலில் வாரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: நமக்கு வேண்டிய வண்டியில் போகக் கூடாது, அதற்கு முந்தின வண்டியில் போக வேண்டும்.

பழைய குடைத்துணியில் அவள் ஒரு சஞ்சி தைத்திருந்தாள். சஞ்சி என்றால் தோளில் மாட்டும் பை. கறுப்பு நிறம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. அடியில் பனையோலைப் பாய்த் துண்டு ஒன்றை வைத்துத் தைத்ததால் உள்ளே வைத்த துணி மடங்காது. டிக்கெட்டுக்கு ஒரு உறை, கைக்குட்டைக்கு ஒன்று, வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழத்துக்கு ஒன்று. என் மாமாவோ, அம்மாவின் தம்பி, பாக்கு வியாபாரி, கோட்டாறுக்குப் போவதென்றாலும் தகரப்பெட்டி, கூஜா, குடை மூன்றும் இல்லாமல் கிளம்ப மாட்டார். திரும்பி வரும்போது அவற்றில் இரண்டு இருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சர் வேண்டும் என்று அத்தைக்குக் கடிதம் வந்தது. தைத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். அப்பாவுக்குச் சம்மதம்தான். தனியாக அனுப்பத்தான் மனசில்லை. அவருக்கோ அன்று வயலில் நடவு.

"நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான்," என்றார் மாமா. "நான் போவாத பஸ்ஸா?"

மாமாவுக்கு அத்தையைக் கட்டிக்கொள்ளும் யோசனை இருந்தது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு அந்த யோசனை இல்லை என்பது அத்தைக்கு மட்டும் தெரியும். ஒருமுறை அவரோடு ஒரே பஸ்ஸில் போய்வந்தால் போதும், ஊர் மீதியைப் பேசி முடித்துவிடும். வேலையெதற்கு, கல்யாணத்தை வையுங்கள் என்று ஆகும்.

அத்தை கொஞ்சமும் யோசிக்காத மாதிரி என் தலையைத் தடவினாள். "இவன் வருவாம்லா அண்ணா. ஆம்பிளைப் பிள்ளதானே?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, அத்தையையும் சஞ்சியையும் விட்டு கண்ண எடுக்கப்பிடாது. கேட்டியா?"

கேட்டேன். அன்றிரவே எனக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் விதிப்படி முந்தின வண்டியில் ஏறினோம். முன்பக்கம் பெண்களுக்கான பலகையில் அத்தை. அவளுக்கு எதிரே நான். சஞ்சி அவள் காலடியில். நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழியில் இரணியல் வரும் முன்னே திங்கள்சந்தையில் வண்டி நின்றது. அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். டிரைவர் இறங்கி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். கடியப்பட்டணத்துக்காரி ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு ஏறினாள். கூடை மேலே போகணும் என்றார் கண்டக்டர்.

"மேல வச்சா மழையில ஊறி மறுபடி மீனாயிரும் ஓய்," என்றாள் அவள்.

"உமக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இந்த வாடைக்கு ஆரு எடுப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் கண் தவறியது. திரும்பிப் பார்த்தால் அத்தையின் காலடியில் சஞ்சி இல்லை, கருவாட்டுக் கூடை இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு ஆள் தோளில் கறுப்பு சஞ்சியோடு சந்தைக்குள் போய்க்கொண்டிருக்கிறான்.

அத்தை கூடைக்கு இடம் விடுவதற்காகச் சஞ்சியை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். அதை நான் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. துணைக்கு வந்தவன் பெண்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டா கள்ளனைப் பிடிப்பான்? இறங்கி ஓடினேன்.

வாழைக்குலைகளுக்கும் சட்டிபானைகளுக்கும் நடுவே ஓடி அந்த ஆளின் சஞ்சியைப் பிடித்துத் தொங்கினேன். "கள்ளன், கள்ளன், எனக்க அத்தைக்க சஞ்சி" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. அவன் திருதிருவென்று விழித்தான். சஞ்சியின் வாயிலிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

"இதாலே உனக்க அத்த?" என்றான் அந்த ஆள். "உங்க அத்த கொக்கரக்கோன்னு கூவுவாளா?"

சந்தையே சிரித்தது. இதற்கிடையில் பஸ்ஸில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு பலர் வாய்க் கேட்டது. கண்டக்டர் கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். பஸ்ஸின் கூரையை ஒட்டி முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கயிறு போகும். அதை இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. வண்டி நகர்ந்ததும் அத்தை என் இடம் காலியாக இருப்பதைக் கண்டாள். சத்தம் போடவில்லை. எழுந்து கயிற்றை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பு. வண்டி நின்றுவிட்டது.

"அம்மிணி, மணியடிக்கது எனக்க வேல," என்றார் கண்டக்டர்.

"எனக்க பிள்ள எறங்கிட்டான். நீரு பாக்கல்ல. அதான் உமக்க வேலய நான் செஞ்சேன்."

"ஒருத்தனுக்காண்டி இத்தன பேரும் நிக்க ஒக்குமா? அடுத்த வண்டியில வாரும்."

சந்தை நாளில் அடுத்த வண்டி நிரம்பி வரும், நடுவழியில் ஏற இடம் கிடைக்காது; பத்து மணிக்கு எட்டாது. இறங்காமல் போனால் அண்ணன் பிள்ளை சந்தையில். அத்தை சஞ்சியைத் தோளில் மாட்டி இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே கடியப்பட்டணத்துக்காரியும் கூடையோடு இறங்கினாள். கூடையைப் பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு நேரே தரையில் வைத்தாள். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள்.

"நீ போய்ப் பிள்ளயப் பாத்துட்டு பைய வா மக்கா," என்றாள். பிறகு டிரைவரை அண்ணாந்து பார்த்தாள். "நீரு வேணும்னா ஏத்திட்டுப் போவும். ஆனா வண்டி ஆறு மாசத்துக்கு நாறும்."

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டாராம்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் சஞ்சி. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் துணைக்கு வந்தவன் அழலாமா? "சஞ்சிய எங்க வச்சிருந்தீங்க? சொல்லாண்டாமா?" என்று அதட்டினேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த பொத்தானையும் கழற்றி மறுபடி மாட்டினாள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். "தப்பு எனக்கதான் மக்கா. வா, வண்டி நிக்கி," என்றாள். சேவல்காரனிடமும் நின்று மன்னிப்புக் கேட்டாள்.

முந்தின வண்டி என்ற விதியால் பிழைத்தோம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். தலைமை ஆசிரியை பொத்தான் காஜாவையும் விளிம்புத் தையலையும் ஒரு பார்வை பார்த்து வைத்துவிட்டு, சஞ்சியை எடுத்து உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்தார். எலுமிச்சம்பழ உறை எதற்கு என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். இந்தப் பையன் யார் என்றார். "எனக்குத் துணைக்கு வந்திருக்கான்," என்றாள் அத்தை. ஆசிரியை எழுந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

திரும்பும்போதும் அதே வண்டி, அதே கண்டக்டர். கருங்கலில் இறங்கினால் மாமா குடையோடு நின்றார். கண்டக்டர் படியிலிருந்து, "மணியடிச்ச அம்மிணி, இனி தினமும் உண்டா?" என்று கேட்டுவிட்டார். மாமாவின் புருவம் ஏறியது. வீடுவரை எங்கள் பின்னாலேயே வந்தார்.

அப்பா வயல் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னலே, அத்தைய ஒழுங்காக் கூட்டிட்டுப் போய் வந்தியா?"

அத்தை என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்ற பார்வை அது. எனக்கு அது, சொல் என்ற பார்வையாகத் தோன்றியது. சேவலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். திங்கள்சந்தையில் ஒரு கள்ளனைத் துரத்திப் பிடித்ததையும், எனக்காகப் பஸ் நின்றதையும் சொன்னேன். உள்ளே அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது.

"கேட்டியளா அத்தான்," என்றார் மாமா. "பய சந்தையில காணாமப் போயிருக்கான். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இல்லேன்னா தினமும் நான் கொண்டு விடுதேன்."

அப்பா தோள்துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். அத்தையின் வேலை அந்தத் துண்டின் நுனியில் தொங்கியது.

"காணாமப் போவல்ல அண்ணா," என்றாள் அத்தை. "சஞ்சி போச்சுன்னு நெனச்ச ஒடனே எறங்கி ஓடி, ஒரு முழு ஆளயே பிடிச்சு நிறுத்தியிருக்கான். இவன் இல்லேன்னா நான் போய்ச் சேந்திருக்க மாட்டேன்."

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ போன மாசம் பஸ்ஸில விட்டது மூணாவது குடையா, நாலாவது குடையாடே? ஒருத்தனையாவது துரத்துனியா?"

உள்ளே அம்மா சிரித்துவிட்டாள். அகப்பைச் சத்தம் மறுபடி கேட்டது. மாமாவும், தம் கையில் இருந்த குடையை ஒருதரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் நல்லவர்தான். அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் செய்து சந்தோஷமாக இருந்தார். மாமி அவர் குடையில் பெயர் எழுதி வைத்தாள்.

என்னை அத்தையின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள், தினமும் துணைக்குப் போக வசதியாக. முதல் நாளுக்குமுன் அத்தை சஞ்சியில் புதிதாக ஒன்று தைத்தாள். நீளமான ஒரு வார், அதன் நுனியில் ஒரு வளையம். சஞ்சி அவள் தோளில் இருக்கும், வளையம் என் மணிக்கட்டில். "இனி ஆரும் களவாண்டா உனக்குத் தெரிஞ்சிரும்லா," என்றாள். நல்ல அமைப்பு என்று எனக்கும் பட்டது. கூட்டத்தில் அவள் முகம் தெரியாவிட்டாலும் வார் வழியாகப் பேசிக்கொள்வோம். ஒரு இழுப்பு, இறங்கணும். இரண்டு இழுப்பு, எல்லாம் சரி, போகலாம்.

மூன்றாம் வருஷம் வளையம் கைக்குள் போகவில்லை. பிரித்துப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். "வேண்டாம் மக்கா, இனி களவு போவாது," என்று அத்தை சிரித்தாள். அவளிடமிருந்து வந்த பொறுப்பற்ற பேச்சு அது ஒன்றுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அந்தச் சஞ்சியை எனக்குத் தந்தாள். நம் பீரோவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறதே, அதுதான். அக்காளிடம் கொண்டு போகச் சொன்னேன். இதையெல்லாம் இப்ப யாருப்பா கொண்டு போவா என்றாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று பீரோப் பக்கம் யாரும் இல்லை. சஞ்சியின் முன்னே நின்று வளையத்தை எடுத்துப் பார்த்தேன். சஞ்சி களவு போகாமல் இருக்க வேண்டுமானால் அந்த வளையம் அத்தையின் கைக்கல்லவா அளவாக இருந்திருக்க வேண்டும்? அவள் கை அதற்குள் அன்றும் நுழைந்திருக்காது. எட்டு வயசுக் கைக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறாள். என் விரல் நான்கு மட்டும் உள்ளே போயின. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காளின் வண்டி அப்போது ஆரல்வாய்மொழி தாண்டியிருக்கும். வாரை இரண்டு தடவை இழுத்துவிட்டு, சாயங்காலத்துக்கு விறகு எடுக்கப் போனேன்.