சங்கு ஊதாத கணக்குப் பரீட்சை

என் தம்பி ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பிள்ளையாக இல்லை, தெருப்பிள்ளையாக இருந்தான். எந்த நேரத்தில் அவன் யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதை மில் சங்குதான் தீர்மானித்தது. வேறு ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் சங்குக்கு உலை வைத்து, சங்குக்கு விளக்கேற்றி, சங்குக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நாங்கள். பிள்ளையைக் கைமாற்றுவதற்கு மட்டும் வேறு கடிகாரம் எதற்கு?

எண்பதுகளின் கடைசி அது. அப்பா லாரி ஓட்டினார். பஞ்சு ஏற்றப் போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மா மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் இருந்தாள். தம்பி பிறந்து, தவழத் தொடங்கி, சம்பளமில்லாமல் நீட்டிய லீவும் முடிந்து, அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தபோது, வீட்டில் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாள். ஒன்பதாவது முடித்திருந்தாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. 'பிள்ளை நின்னுக்கிட்டா' என்பார்கள். ஏதோ பஸ்ஸிலிருந்து அவளாகவே வழியில் இறங்கிக்கொண்ட மாதிரி.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அக்கா வீட்டில் இருப்பது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. தலை பின்னிவிடச் சிரத்தையான ஆள் கிடைத்தாயிற்று.

அந்த வசதிக்கு உலை வைத்தவர் அக்காவின் தலைமையாசிரியை. அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் ஊரே சொல்லும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கொண்டையில் ஆண்டாள் கோயில் பூ, கையில் குடை, நடையில் ஒரு கறார். தெருமுனையில்தான் அவருடைய பெண்கள் பள்ளிக்கூடம். ஒரு சாயங்காலம் அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். சாமி தேரை விட்டு இறங்கி நடந்து வருமா? தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "இவளை அனுப்பிட்டா பிள்ளைய யாரு பாக்குறது டீச்சர்?"

பெரிய டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, இத்தனை பேர் நிக்கிறீங்களே, ஒரு பிள்ளையப் பாத்துக்கிட ஆள் இல்லையா இந்தத் தெருவில?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுச் சித்தி, தெலுங்கு பேசுகிறவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "காலையில எங்கிட்ட விடட்டும். சங்கு ஊதுற வரைக்கும் நான் வச்சுக்கிடுறேன்." எதிர்வரிசையில் தையல் மெஷின் வைத்திருந்த அத்தை, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், "சங்கு ஊதுன பொறவு நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அப்படித்தான் அந்த ஏற்பாடு முளைத்தது. எழுத்தும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மறுநாள் காலையில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அதன் பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், ஒன்பதரை மணிச் சங்கு ஊதும். சித்தி வீட்டுக் கதவு திறக்கும். அதே சமயம் எதிரே அத்தை வீட்டுக் கதவும் திறக்கும். நடுத்தெருவில் தம்பி ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறுவான். நடக்கக் கற்றதும் அவனே சித்தி வாசலில் இறங்கி, ஆடி ஆடித் தெருவைக் கடந்து, அத்தை கையில் போய் விழுவான். மழையானாலும் வெயிலானாலும் இது தப்பாது. அத்தை வீட்டில் "நீள்ளு" என்று தெலுங்கில் தண்ணீர் கேட்பான். சித்தி வீட்டில் சாப்பாட்டைக் கண்டதும் கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்பான். அம்மாவுக்குத்தான் அவன் பேசுவதில் பாதி புரியாது.

பங்குனி மாதம் அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சையன்று எங்கள் வகுப்புக்கு விடுமுறை. நான் அத்தை வீட்டில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளில் பொம்மைக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதவில்லை, அதனால் கதவும் திறக்கவில்லை.

மில்லில் அன்று சங்கு பழுது. வேலைக்குப் போனவர்களுக்கு அது தெரியும், தெருவுக்குத் தெரியாது. சித்தி வீட்டில் மட்டும் புதிதாக ஒரு ரேடியோ வாங்கியிருந்தார்கள். வழக்கமாகச் சங்கு ஊதும் நேரத்தில் வருகிற நிகழ்ச்சி தொடங்கியதும், அடுப்பு வேலையில் சங்குச் சத்தம் தன் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, சித்தி தம்பியை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். ரேடியோவை நம்பிய வீடு பிள்ளையை அனுப்பியது, சங்கை நம்பிய வீடு கதவைத் திறக்கவில்லை. அவன் அத்தை வீட்டுக் கதவைத் தட்டியும் இருக்கலாம். தையல் மெஷின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அத்தை எழுந்துபோய், "என்ன, இன்னிக்கு சங்கே காணோம், பிள்ளையத் தாங்க" என்று சித்தி வீட்டு வாசலில் நின்றார். "அப்பவே இறக்கி விட்டுட்டேனே" என்றபடி சித்தி தெருவுக்கு ஓடிவந்தார்.

தெருவின் ஒரு பக்கம் லாரிகள் பறக்கும் தென்காசி ரோடு. இன்னொரு பக்கம் கண்மாய். மூன்றாவது பக்கம் பள்ளிக்கூடம். யாரோ ஒருவர், "அக்காவத் தேடி ஸ்கூலுக்குப் போயிருப்பான், அவகிட்டப் போய்க் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டம் எடுத்தார். அத்தை அவர் கையை எட்டிப் பிடித்தார். "அவ காதுல விழப்படாது. கேட்டுல நிக்கிற போலீஸ்காரர்கிட்டக் கேட்டாலும் உள்ள பரவிரும். தம்பியக் காணோம்னு தெரிஞ்சா பேனாவப் போட்டுட்டு ஓடியாந்துருவா. இம்புட்டு நாள் தூக்கிச் சுமந்தது எதுக்கு?"

அப்புறம் நான் பார்த்ததை இந்த வயதிலும் என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் மில் இரைச்சலில் பேசிப் பழகியவர்கள். வீட்டுக்குள் ரகசியம் பேசினாலே ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அன்று அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு தேடினார்கள். ஒருவர்கூடத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்மாய்க்கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினார்கள், கட்டிலுக்கடியில் குனிந்தார்கள், ரோட்டில் நின்று கைகாட்டி லாரிகளை நிறுத்தினார்கள். சித்தி அழுதுகொண்டே ஓடினார், ஆனால் சத்தம் வரவில்லை. பள்ளிக்கூட ஜன்னல்கள் திறந்திருந்தன, உள்ளே பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயத்தைவிடப் பிரமிப்புதான் அதிகமாக இருந்தது.

அம்மாவை மில்லிலிருந்து கூட்டிவந்தார்கள். தலையெல்லாம் பஞ்சு, காலில் செருப்பு இல்லை. தெருவுக்குள் நுழைந்ததும் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கி, "பெரியவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. நாங்க சொல்லலை."

அதைக் கேட்டபிறகுதான் அம்மா தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் வெளியே கேட்கவில்லை.

பரீட்சை முடியும் மணி அடித்ததும் தெருவே பள்ளிக்கூட வாசலுக்குப் போனது. இனி சத்தம் போடலாம், கேட்கலாம். அக்கா விரலெல்லாம் மையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். தன்னைக் கூட்டிப்போகத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "எல்லாம் போட்டுட்டேன்மா" என்றாள். அம்மா அவளுடைய மை விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் பெரிய டீச்சர் வந்தார். அவர் இடுப்பில் தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத அந்தப் புடவை ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"போலீஸ்காரர் கேட்டைப் பூட்டறதுக்கு முன்னாடியே எப்படியோ உள்ள வந்துட்டான்" என்றார். "அக்கான்னு கத்த வாயைத் திறந்தான். ஊர்ல இருந்து கொண்டுவந்த பால்கோவாவை ஊட்டியே வாயை அடைச்சேன். சொல்லி அனுப்பக் கேட்டைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா அவளுக்குக் கேட்டுடும்."

பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்ததால், அவர் தன் சொந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலையற்றுத் தன் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமும் ஒரு குழந்தை அழாமல் பார்த்துக்கொண்டதுதான் அன்று அவர் பார்த்த உத்தியோகம். சுவருக்கு உள்ளே அவரும் வெளியே எங்கள் தெருவும் ஒரே காரணத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அக்கா அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி, "ரா நாயனா, வாடா என் ராசா" என்று தம்பியை வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மாவின்மேல் அப்படி ஒரு கோபம். பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்தவள் பிள்ளையை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? நாளை நான் தொலைந்துபோனாலும் இப்படித்தானே அக்காவின் பரீட்சையை விசாரிப்பாள்? அம்மாவுக்கு எங்கள்மேல் பாசம் கொஞ்சம் மட்டுதான் என்று நானே முடிவுகட்டி, அன்று முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அம்மா ஏன் நான்காம் வகுப்போடு நின்றாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான், எங்கள் மாமா. அவரைத் தூக்கிக்கொள்ள அம்மா பிறந்த தெருவில் வேறு ஓர் இடுப்பு கிடைக்கவில்லை.